உலர் பள்ளத்தாக்கின் குளிர்காலம்: பெங்களூருவில் உட்கார்ந்து எந்தத் தரவை எடுப்பது?

போன டிசம்பரில் ஒரு மாணவி என்னைத் தேடி வந்தாள். குன்னூர்க்காரி, பெங்களூருவில் முதுகலை படிக்கிறாள். ஆறு மாத ஆய்வுத் திட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது அண்டார்டிகாவின் மக்மர்டோ உலர் பள்ளத்தாக்குகள். அங்கே குளிர்காலத்தில் காற்றின் வெப்பநிலை எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். "நிலையத்து அளவீடா, ஈஆர்ஏ5-ஆ, செயற்கைக்கோளா? எதை எடுக்கிறது அக்கா?" என்று கேட்டாள். (ஈஆர்ஏ5 என்பது கணினி கணக்கிட்டுத் தரும் வானிலைத் தரவு, விவரம் கீழே.) அல்சூர் ஏரிக்கரையில் நடந்துகொண்டே இரண்டு மணி நேரம் பேசினோம். அதன் பிறகு வேறு இரண்டு தமிழ் மாணவர்களும் ஏறக்குறைய இதே கேள்வியோடு வந்ததால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஆறு மாதத்தில் யாரும் அண்டார்டிகா போகப்போவதில்லை. கையில் இருப்பது ஒரு லேப்டாப், ஹாஸ்டல் வைஃபை, வாரத்துக்கு மூன்று நான்கு நாள் உழைப்பு. அதற்குள் நம்பத்தகுந்த ஒரு முடிவு வர வேண்டும்.

தெரிவுகளை ஒப்பிடுவதற்கு முன்னால் அந்தப் பள்ளத்தாக்கு குளிர்காலத்தில் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். அது தெரிந்துவிட்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

ராஸ் கடலோரம், தெற்கு அட்சரேகை 77-78 டிகிரியில் டெய்லர், ரைட், விக்டோரியா என்று மூன்று பெரிய பள்ளத்தாக்குகள். 1903-இல் பிரிட்டிஷ் ஆய்வுப் பயணி ஸ்காட்டின் குழு முதலில் பார்த்தது. டிரான்ஸ் அண்டார்டிக் மலைத்தொடர் உள்நாட்டுப் பனியை அந்தப் பக்கமே தடுத்துவிடுகிறது. பனிப்பொழிவும் மிகக் குறைவு. அதனால் தரை வெறும் மண்ணும் கல்லுமாகக் கிடக்கிறது. நடுவில் ஃப்ரிக்ஸெல், ஹோர், போனி, வாண்டா, வைடா என்று ஆண்டு முழுக்கப் பனிக்கட்டி மூடிய ஏரிகள். அங்கே குளிர்காலம் என்றால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட். ஏப்ரல் கடைசியில் மறையும் சூரியன் ஆகஸ்ட் பிற்பாதியில்தான் திரும்பி வரும். நடுவில் நான்கு மாதம் ஒரே இரவு.

இந்த நீண்ட இரவில் நடப்பதை அவளுக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "எங்க பக்கம் தலைகுந்தாவுல பள்ளத்துலதான் உறைபனி கொட்டும், மேட்டு வீட்டுல ஒண்ணும் இருக்காது" என்றாள். அதேதான். தெளிந்த இரவில் தரை வெப்பத்தை வானத்துக்கு இழக்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் வழிந்து, பள்ளத்தில் தண்ணீர்போலத் தேங்குகிறது. மேலே போகப்போக வெப்பநிலை கூடுகிறது, குறைவதில்லை. நீலகிரியில் காலை எட்டு மணி வெயில் அதைக் கலைத்துவிடும். உலர் பள்ளத்தாக்கில் அதைக் கலைக்க வெயில் இல்லை. காற்றுதான் வர வேண்டும்.

அந்தக் காற்று வருவது தனிக் கதை. பள்ளிப் பாடத்தில் தலக்காற்றுகள் என்று சினூக்கோடு சேர்த்துப் படித்தோமே ஃபான், அந்த வகை. ராஸ் கடல் பக்கம் புயற்சுழல் நிற்கும்போது தெற்கு, தென்மேற்கிலிருந்து வரும் காற்று மலைகளைத் தாண்டிப் பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகும், கிலோமீட்டருக்குச் சுமார் 9.8 டிகிரி. இரண்டு கி.மீ. உயரத்திலிருந்து இறங்கினால் இருபது டிகிரி அதிலேயே ஏறிவிடுகிறது. அதோடு தரையில் தேங்கிய குளிர்காற்றையும் துடைத்து எடுத்துக்கொண்டு போகிறது. இரண்டும் சேர்ந்து, ஒரே நிகழ்வில் 30 டிகிரி வரை ஏற்றம் பதிவாகியிருக்கிறது. சூரியனே இல்லாத ஜூலையில்! காற்று நின்றதும் குளிர் மறுபடி தேங்கத் தொடங்குகிறது.

இதை வெகுநாள் கட்டபாட்டிக் காற்று என்றே எழுதிவந்தார்கள். பனிப்பீடபூமியிலிருந்து கனத்தால் வழியும் குளிர்காற்று என்று பொருள். 2010-இல் வந்த ஆய்வு இதை ஃபான் என்று காட்டியது. பழைய கட்டுரைகளில் முதல் பெயர் வந்தால் குழம்ப வேண்டாம். 2004-இல் வந்த அப்படிப்பட்ட ஒரு கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று உண்டு: இந்தக் காற்று வீசும் நேரம் ஒரு சதவீதம் கூடினால் குளிர்காலச் சராசரி ஒரு டிகிரி கூடுகிறது. உயரம், கடலிலிருந்து தூரம் ஆகியவற்றின் பங்கு இதற்கு முன்னால் அடிபட்டுப் போகிறது. கடலருகே இருக்கும் ஃப்ரிக்ஸெல் ஏரியைவிட உள்ளே தள்ளியிருக்கும் போனி ஏரி வெதுவெதுப்பாக இருப்பது இதனால்தான். போனிக்குக் காற்று அடிக்கடி வருகிறது. கிண்ணம்போல் அமைந்த வைடா ஏரிக்கு அவ்வளவாக வருவதில்லை, அங்கே குளிர் கிடையாகக் கிடக்கிறது. 1986 முதல் 2000 வரையிலான பதிவுகளில் பள்ளத்தாக்கின் மிகக் குறைந்த அளவு மைனஸ் 65.7 டிகிரி. ஆண்டுச் சராசரியோ இடத்தைப் பொறுத்து மைனஸ் 15-க்குப் பக்கத்திலிருந்து மைனஸ் 30 வரை மாறுகிறது.

ஆகவே என் அளவுகோல் இதுதான்: குளிர் தேங்குவதும் காற்று வந்து அதை உடைப்பதும் எந்தத் தரவில் தெரிகிறது? விலை, வசதி, ஆண்டுகளின் நீளம் எல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் எல்லோரும் ஓடுவது ஈஆர்ஏ5-க்கு. நானும் ஓடினேன். ஐரோப்பிய வானிலை மையத்தின் மறுபகுப்பாய்வு இது. பழைய அளவீடுகளையெல்லாம் கணினியில் ஓடும் ஒரு வானிலை மாதிரிக்குள் செலுத்தி, உலகம் முழுவதற்கும் மணிக்கு மணி 1940 முதல் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். இலவசம். இடைவெளி கிடையாது. ஒரு மாலையில் கோப்பு இறங்கிவிடும், மறுநாள் படம் வரைந்துவிடலாம். வழிகாட்டிக்குக் காட்ட அழகான கோடு கிடைக்கும்.

என் முதல் ஆறு வாரம் அந்த அழகான கோட்டிலேயே போனது. பிறகு ஒரு நாள் அதன் மேல் நிலையத்து அளவீட்டை வைத்துப் பார்த்தேன். நிலையத்தில் சுவர்போல எழுந்து நின்ற ஏற்றங்கள் ஈஆர்ஏ5-இல் சின்ன மேடாகக்கூட இல்லாத இடங்கள் இருந்தன. காரணம் எளியது. அந்த மாதிரி உலகத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது, ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 31 கி.மீ. டெய்லர் பள்ளத்தாக்கின் அகலமோ சில கி.மீ.தான். பள்ளமும் இரு பக்க மலையும் ஒரே கட்டத்தில் கலந்து, நடுத்தரமான ஒரு சரிவாகிவிடுகின்றன. பள்ளமே இல்லாத இடத்தில் குளிர் எங்கே தேங்கும்?

இதில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, கால் டிகிரிக் கட்டமாகக் கோப்பு வருவது. 77 டிகிரி அட்சத்தில் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடுவதால் கால் டிகிரி என்பது கிழக்கு மேற்காக வெறும் ஆறு கி.மீ. அளவுதான். அடேயப்பா, இவ்வளவு நுணுக்கமா என்று தோன்றும். கோப்பின் கட்டம்தான் நுணுக்கம், உள்ளே இருக்கும் மாதிரி 31 கி.மீ.தான். இரண்டாவது பொறி இன்னும் மோசம். மாதிரியின் தரை உண்மையான பள்ளத்தரையைவிட உயரத்தில் இருக்கிறது என்று கண்டதும், கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி என்று கூட்டித் திருத்துவார்கள். கீழே போனால் வெப்பம் கூடும் என்ற நினைப்பு. குளிர்காலத்தில் கீழே போனால் குளிர்தான் கூடும் என்று இப்போதுதானே பார்த்தோம்? அந்தத் திருத்தம் பிழையை எதிர்த் திசையில் பெரிதாக்கும். 9 கி.மீ. கட்டமுள்ள ஈஆர்ஏ5-லேண்ட் கொஞ்சம் தேவலை என்பார்கள். அதுவும் பெரிய மாதிரியின் காற்றைத்தான் வாங்கிக்கொள்கிறது, பள்ளத்துக்குள் வீசும் காற்றைப் புதிதாகக் கணக்கிடுவதில்லை.

அதற்காக ஈஆர்ஏ5-ஐத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதற்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்று இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

அடுத்தது செயற்கைக்கோள். டெர்ரா, அக்வா இரண்டிலும் உள்ள மோடிஸ் கருவி 1 கி.மீ. நுணுக்கத்தில் தரை வெப்பநிலை தருகிறது. முதலாவது 2000 முதல், மற்றது 2002 முதல். துருவத்தைச் சுற்றும் பாதை என்பதால் பள்ளத்தாக்கின் மேல் ஒரே நாளில் பல முறை கடக்கிறது. அகச்சிவப்புக்கு இருட்டும் ஒரு பொருட்டில்லை. பள்ளத்தாக்கு முழுவதையும் படமாகப் பார்க்க முடிகிற ஒரே வழி இது. குளிர் எங்கே தேங்குகிறது, எந்த மேட்டில் நிற்கிறது என்று கண்ணால் பார்ப்பது உண்மையிலேயே சிலிர்ப்பான அனுபவம்.

ஆனால் அது அளப்பது தரையின் தோலை. நமக்கு வேண்டியது காற்று. அமைதியான துருவ இரவில் இரண்டுக்கும் சில டிகிரி வித்தியாசம் வரும். இதே கருவியின் பதிவுகளை வைத்துக் கிழக்கு அண்டார்டிகப் பீடபூமியில் மைனஸ் 98 டிகிரி வரை கண்டார்கள். வெப்பமானியால் காற்றில் அளந்த உலகச் சாதனையோ 1983 ஜூலை 21-இல் வோஸ்டாக் நிலையத்தில் பதிவான மைனஸ் 89.2. இரண்டும் வேறு வேறு பொருள்கள், ஒப்பிடவே கூடாது. இன்னொரு குறை நம் வேலைக்கு நேரடியாகக் குத்துவது. மேகம் இருந்தால் தரை தெரியாது. ஃபான் கிளம்புவதோ புயற்சுழல் பக்கத்தில் நிற்கும் நாட்களில். நாம் பிடிக்க நினைக்கும் நிகழ்வுகளே கையை விட்டு நழுவி, தெளிந்த அமைதியான இரவுகள் மட்டும் மிஞ்சும் வாய்ப்பு அதிகம். போதாக்குறைக்கு, துருவ இரவில் மேகத்தின் உச்சி தரையைவிட வெதுவெதுப்பாக இருக்கலாம். மேகத்தையே தரை என்று மென்பொருள் எடுத்துக்கொண்டால், படத்தில் அது கிட்டத்தட்ட ஃபான் மாதிரியே தெரியும்.

நுண்மாதிரி ஓட்டுவது மூன்றாவது வழி. டபிள்யூ.ஆர்.எஃப். என்ற வானிலை மாதிரியை, ஒரு சிறு பகுதிக்கு மட்டும் சுமார் 1 கி.மீ. கட்டத்தில் ஓட்டினால் ஃபான் நன்றாகவே வரும். அமெரிக்காவின் ஆம்ப்ஸ் முன்னறிவிப்பு அமைப்பு ராஸ் தீவுப் பகுதிக்கு அப்படித்தான் செய்கிறது. லேப்டாப்பில் ஒரு முழுக் குளிர்காலத்தை ஓட்ட முடியாது. உங்கள் துறையில் கணினித் தொகுதி இருந்து, அதில் உங்களுக்கு நேரமும் கிடைத்தால், ஒரே ஒரு ஃபான் நிகழ்வை எடுத்து ஐந்து நாள் ஓட்டிப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு அதுவே போதும்.

நாமே கருவி வைப்பது பற்றியும் கேட்டாள். ஐபட்டன் போன்ற காசு அளவுள்ள பதிவுக் கருவிகள் மலிவுதான். ஆனால் வழக்கமான வகை மைனஸ் 40 வரைதான் தாங்கும், வைடாவுக்குப் போதாது. அதைவிட, அங்கே போவதே நம் கையில் இல்லை. அந்தப் பகுதி 2004 முதல் அண்டார்டிக ஒப்பந்தத்தின் கீழ் சிறப்பு நிர்வாகப் பகுதி. நம் நிலையங்களான மைத்ரி, பாரதி இரண்டும் கண்டத்தின் வேறு பக்கம். இந்த வழியை இத்தோடு விடுவோம்.

நிலையங்களுக்கு வருவோம். என் ஓட்டு இதற்குத்தான் என்று இதற்குள் புரிந்திருக்கும்.

1993 முதல் அங்கே அமெரிக்காவின் நீண்டகாலச் சூழலியல் ஆய்வுத் திட்டம் நடக்கிறது. ஹோர் ஏரி நிலையத்தின் பதிவு அதற்கும் முந்தியது, 1980-களிலேயே தொடங்கியது. தானியங்கி நிலையங்கள் தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், திசை எல்லாவற்றையும் அளந்து, பதினைந்து நிமிடச் சராசரியாகச் சேமிக்கின்றன. கோப்புகள் எல்லோருக்கும் திறந்தவை. பெங்களூருவில் இருந்தாலும் பெரம்பலூரில் இருந்தாலும் இறக்கிக்கொள்ளலாம். மனிதர் குளிர்காலம் முழுக்க அங்கே தங்கி அளந்ததும் உண்டு. நியூசிலாந்தின் வாண்டா நிலையத்தில் 1969, 1970, 1974 ஆகிய மூன்று குளிர்காலங்கள் ஆட்கள் இருந்தார்கள். நான்கு மாத இருட்டில், மைனஸ் ஐம்பதை ஒட்டிய குளிரில் வெளியே போய் வெப்பமானி படித்துக் குறித்த அந்தக் கைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது.

பதினைந்து நிமிடம் என்பது சின்ன விஷயமில்லை. ஃபான் என்று அடையாளம் காண ஆய்வாளர்கள் வைத்திருக்கும் விதி இது: தென்மேற்குக் காற்று நொடிக்கு 5 மீட்டரைத் தாண்ட வேண்டும், மணிக்கு ஒரு டிகிரியாவது ஏற வேண்டும், ஈரப்பதம் மணிக்கு 5 சதவீதமாவது இறங்க வேண்டும். மூன்றும் ஒரே கம்பத்தில், ஒரே கடிகாரத்தில் கிடைப்பது நிலையத்தில் மட்டும்தான்.

குளிர்காலத்தில் நிலையத்துக்கு ஒரு சலுகையும் உண்டு. கோடையில் வெயில் பட்டுக் கருவியின் கூடு சூடாகிப் பொய்யாக ஏற்றிக் காட்டும். நான்கு மாத இருட்டில் அந்தப் பிழை கிடையாது.

குறைகளையும் மறைக்கக் கூடாது. ஆட்கள் கோடையில்தான் போகிறார்கள். ஜூனில் ஒரு வயர் அறுந்தால் அக்டோபருக்கு மேல்தான் தெரியவரும். சூரியத் தகடு மாதக்கணக்கில் வேலை செய்யாது, பேட்டரி குளிரில் தளரும். இங்கேதான் கவனம் வேண்டும். பேட்டரி சாவதற்கு அதிக வாய்ப்பு மிகக் குளிர்ந்த நாட்களில். அந்த நாட்கள் மட்டும் விடுபட்டால் மீதியின் சராசரி உண்மையைவிட வெதுவெதுப்பாக வரும். இடைவெளி குருட்டாம்போக்கில் விழுந்ததாக எண்ணிக் கோடு போட்டு நிரப்பிவிடாதீர்கள். கருவியின் கீழ் எல்லையையும் பாருங்கள். சாதாரண வெப்பஉணரிகள் பல மைனஸ் 35, 40-க்குத்தான் உறுதி தருகின்றன. வெப்பநிலைக் கோடு ஒரே எண்ணில் தட்டையாக நின்றால் அது குளிரின் அமைதியா, கருவியின் எல்லையா என்று குறிப்புக் கோப்பைப் படித்துத்தான் சொல்ல முடியும்.

அப்புறம், நிலையம் என்பது ஒரு புள்ளி. ஜனவரிக் காலையில் ஹெப்பாள் பக்கமிருந்து ஸ்வெட்டரோடு வருபவரும் சிவாஜிநகரில் அரைக்கைச் சட்டையோடு நிற்பவரும் ஒரே ஊர்தான். அந்தப் பள்ளத்தாக்குகளில் இந்த வித்தியாசம் இன்னும் பல மடங்கு. அதனால் ஒரு நிலையம் போதாது, குறைந்தது மூன்று வேண்டும்.

இன்னொரு தெரிவையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. இடத்தையே மாற்றுவது. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் லாங்கியர்பியன் ஊரை ஒட்டிய அட்வென்ட்டாலன் பள்ளத்தாக்கும் 78 டிகிரிதான், வடக்கே. ஆண்டு முழுக்க ஆட்கள் இருப்பதால் கருவி பழுதானால் அடுத்த வாரமே சரிசெய்கிறார்கள். அந்த ஊர் விமான நிலையத்துக்கு, பழைய பதிவுகளை இணைத்து 1898 வரை பின்னால் போகும் வெப்பநிலைத் தொடர் இருக்கிறது. நம் ஹிமாத்ரி நிலையமும் ஸ்வால்பார்டின் நீ-ஓலெசுண்டில் 2008 முதல் இருக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து இந்தியக் குழுக்கள் குளிர்காலத்திலும் அங்கே போகின்றன. கோவாவிலுள்ள தேசிய துருவ, கடல் ஆய்வு மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். நேரில் போய்க் கருவி வைக்கும் வாய்ப்பு ஒரு தமிழ் மாணவருக்கு எங்கேயாவது உண்டென்றால் இங்கேதான். முனைவர் பட்டம் என்றால் தயங்காமல் இதைச் சொல்வேன். ஆனால் அங்கே கடல் பக்கத்திலேயே வெதுவெதுப்பான நீரோட்டம் ஓடுகிறது, நடுக்குளிரில் மழைகூடப் பெய்கிறது. பள்ளத்தின் வேலை எது, கடலின் வேலை எது என்று பிரிப்பதற்கே ஆறு மாதம் போய்விடும். உலர் பள்ளத்தாக்கில் கதாபாத்திரங்கள் குறைவு: தேங்கும் குளிர், இறங்கும் காற்று. கற்றுக்கொள்ள அது நல்ல இடம்.

கடைசியில் நாங்கள் முடிவு செய்தது இப்படி. அடித்தளம் நிலையங்கள்: டெய்லர் பள்ளத்தாக்கில் ஃப்ரிக்ஸெல், ஹோர், போனி, ஒப்பீட்டுக்கு விக்டோரியாவில் வைடா. ஈஆர்ஏ5-இலிருந்து தரையருகு வெப்பநிலையை எடுப்பதே இல்லை. மலைக்கு மேலே காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகம், ராஸ் கடலில் அழுத்தம் எப்படி என்பதை மட்டும் எடுக்கிறோம். பெரிய அளவிலான அந்த ஓட்டத்தை அது நன்றாகவே பிடிக்கிறது. மோடிஸ் படங்கள் ஐந்தாறு தெளிந்த இரவுகளுக்கு மட்டும், நிலையங்களுக்கு நடுவில் குளிர் எதுவரை தேங்கியிருந்தது என்று பார்க்க.

கேள்வியையும் மாற்றினோம். "குளிர்காலம் வெப்பமாகிறதா, குளிர்கிறதா?" என்று தொடங்கியிருந்தாள். 1986-2000 காலத்தில் பத்தாண்டுக்கு 0.7 டிகிரி குளிர்ந்தது என்ற ஆய்வு 2002-இல் வந்து உலகெங்கும் பேசப்பட்டது. அந்தக் குளிர்வு பெரும்பாலும் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் நடந்தது. குளிர்காலத்தில் ஓராண்டு ஃபான் அதிகம், மறு ஆண்டு குறைவு என்று சராசரி அலைபாய்வதால், போக்கைப் பிரித்தெடுக்க முப்பது ஆண்டும் சொற்பம். சராசரியே இங்கே சங்கடமான எண். எடுத்துக்காட்டாக, ஒரு மாதத்தில் பாதி நாள் மைனஸ் 42-இலும் பாதி நாள் மைனஸ் 18-இலும் இருந்தால் சராசரி மைனஸ் 30. அந்த மைனஸ் 30-இல் பள்ளத்தாக்கு ஒரு மணி நேரம்கூட நிலையாக இருந்திருக்காது. ஆகவே அவளுடைய புதிய கேள்வி: ஒவ்வொரு குளிர்காலத்திலும் எத்தனை முறை குளிர்த் தேக்கம் உடைந்தது, உடைந்தபின் மறுபடி தேங்க எத்தனை மணி நேரம் ஆனது, போனியில் உடைந்த அதே நேரத்தில் வைடாவில் உடைந்ததா?

இதே வழியில் தொடங்குகிறவர்களுக்கு முதல் வார வேலை. ஒரே ஒரு ஆண்டை எடுங்கள், இடைவெளி குறைவான ஆண்டாகப் பார்த்து. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நான்கு நிலையங்களின் வெப்பநிலையையும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரையுங்கள். கீழே காற்றின் வேகம். நேரம் எல்லாம் உலகப் பொது நேரத்தில்தான் இருக்கிறதா என்று சரிபாருங்கள், நியூசிலாந்து நேரத்தில் ஒரு கோப்பு கலந்துவிட்டால் பன்னிரண்டு மணி நேரம் தள்ளிப்போய்விடும். எந்த நிரலும் எழுதாமல், பென்சிலால் ஃபான் நாட்களை வட்டமிடுங்கள். குன்னூர்ப் பெண் அப்படி வரைந்த தாள் இப்போது என் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கிறது. போனியின் கோடு மூன்று முறை எகிறி இறங்கிய ஒரு வாரத்தில் வைடாவின் கோடு அசையவே இல்லை. அங்கே அவள் பென்சிலால் எழுதியிருப்பது ஒரே வார்த்தை: தலைகுந்தா.